மூடியை இறுக்கிய கை

திருப்பதி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ராகி மால்ட் கடை இருக்கிறதே, நீங்கள்கூட அங்கே குடித்திருப்பீர்கள், அதைக் கட்டியவன் நான். காளஹஸ்தியில் கோயிலுக்குப் போகும் தெருவில் இன்னொரு கடை. அதுவும் நான். சித்தூர் சாலையில் ராகியை முளைகட்டி, காயவைத்து, வறுத்து, அரைக்கிற மில். அதன் ஒவ்வொரு செங்கல்லும் நான் நின்று பார்த்து வைத்தது. பாலசமுத்திரத்தில் கூலிக்காரன் மகனாகப் பிறந்தேன். அஞ்சாங்கிளாஸோடு பலகையைத் தூக்கிப் போட்டேன். சைக்கிள் கேரியரில் ஒற்றைக் குண்டானைக் கட்டிக்கொண்டு திருப்பதிக்கு வந்தேன். உட்காரச் சொல்லாத பாங்க் மேனேஜர், முகத்தைத் திருப்பிக்கொண்ட சொந்தக்காரன், ஒரே மழையில் சரிந்த கொட்டகை... எல்லாவற்றையும் தாண்டினேன். யார் தயவும் இல்லை!

என் மருமகள் லாவண்யாவின் பந்தயத்தைக் கெடுத்தவனும் நான்தான். அதற்கும் யார் தயவும் இல்லை. ஒற்றை ஆளாகச் செய்தேன்.

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் தமிழ்தான் பேசுவோம். ஆனால் என் மகன் மோகனும் மருமகளும் பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கும் இங்கிலீஷும். தமிழ் எழுத்து அவர்களுக்குக் கோலம் மாதிரி. பார்ப்பார்கள், வாசிக்கத் தெரியாது. என் சம்சாரம் போய்ச் சேர்ந்தபின் இந்த வீட்டில் தமிழ் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான்.

பாருங்கள்... ஒப்புக்கொள்ள வந்தவன் முதலில் ஒளிந்துகொள்ள இடம் தேடியிருக்கிறேன்!

லாவண்யா கங்காதர நெல்லூர்ப் பெண். மாந்தோப்புக் கிணற்றில் குதித்துக் குதித்தே நீச்சல் பழகியவள். எங்கள் வீட்டுக்கு வந்ததும் கடைக் கணக்கை அவளிடம் கொடுத்தேன். நன்றாகத்தான் பார்த்தாள். ஆனால் அவள் மனசு வேறு எங்கோ இருந்தது. கடலில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீச்சல், கரையேறியதும் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் ஒரே மூச்சில் செய்கிற பந்தயமாம். சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் நடக்கும் என்றாள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது.

விடிவதற்கு முன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சித்தூர் சாலையில் சைக்கிளில் பறப்பாள். கடைக்கு வருகிறவர்கள் என்னிடம், "ஏமய்யா, மீ கோடலு சைக்கிள் மீத எக்கடிகி போத்தாந்தி?" என்று கேட்பார்கள். உன் மருமகள் சைக்கிளில் எங்கே போகிறாள்! நான் என்ன பதில் சொல்வேன்? ஊரெல்லாம் என் பேரைச் சொல்ல வேண்டும் என்று உழைத்தவன். என் பேர் இப்படியா அடிபட வேண்டும்?

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் போட்டு உடைத்தேன்.

"பாப்பா, காலையில சைக்கிள், சாயங்காலம் நீச்சல். மத்தியானம் கல்லாவுல உக்காந்துக்கினு தூங்குற. கடைய யாரு பாக்குறது?"

"தூங்கல மாமா. கண்ண மூடிக்கினு கணக்குப் போடுறேன்."

மோகன் சிரித்துவிட்டான். எனக்கு ஏறிக்கொண்டது.

"ஒரே பேச்சு. இந்த ஒரு தடவ போ. முழுசா முடிச்சிக்கினு வந்தீனா நான் வாயத் தெறக்க மாட்டேன். எத்தினி கடல் வேணா நீந்திக்கோ. முடிக்கலைன்னா சைக்கிள ஏறக்கட்டிட்டு கடையோட இரு."

"இது இன்னா நைனா, ஏலமா?" என்றான் மோகன்.

லாவண்யா அவனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். "சரி மாமா. சொன்னா சொன்னதுதான?"

"நான் எப்ப பேச்சு மாறியிருக்கேன்?"

தட்டிலிருந்து கையை எடுத்து, எச்சில் கை என்று நினைவு வந்து, இடது கையை நீட்டினாள். இடது கையாலேயே சத்தியம் ஆயிற்று. அவளுக்கு அந்தப் பந்தயம் என்னவென்று அப்போதே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க வழியில்லை.

அதற்கப்புறம் கூரியரில் ஒரு பாக்கெட் வந்தது. உள்ளே வெள்ளை மாவு.

"இன்னாது பாப்பா இது?"

"மால்ட்டோ, மாமா."

"மால்ட்டா! மால்ட் விக்கிறவன் ஊட்டுக்கே கூரியர்ல மால்ட்டா?"

"ஐயோ, இது வேற மாமா. மால்ட்டோடெக்ஸ்ட்ரின். வெறும் மாவுச்சத்து. சக்கையே இருக்காது. சைக்கிள் ஓட்டும்போது தண்ணியில கலக்கிக் குடிச்சா வயித்துல நிக்காம ஒடம்புல ஏறிடும்."

"நம்ம மால்ட் மட்டும் ஏறாதா?"

"பேரு ஒண்ணா இருந்தா ஆளு ஒண்ணா நைனா?" என்றான் மோகன். "நம்ம தெருவுலயே நாலு மோகன் இருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் எனக்குள் மாட்டிக்கொண்டது. மால்ட்டோ... மால்ட்... ஒரே ஒரு எழுத்துதானே கூட இருக்கிறது? எவனோ என் சரக்கின் பேரைத் திருடி, சக்கையை எடுத்துவிட்டு, என் வீட்டுக்கே அனுப்புகிறான் என்றுதான் எனக்குப் பட்டது. படித்தவனுக்கு அது வேறு மாவு. எனக்கு அது போட்டிக் கடை!

அவளுக்குப் பயிற்சி கொடுத்தவன் திருப்பதிப் பையன். தெலுங்குக்காரன், நல்லவன். மணிக்கு எவ்வளவு மாவு, எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் அளவு வைத்திருந்தான். காலைப் பழக்குகிற மாதிரி வயிற்றையும் பழக்க வேண்டுமாம். மாதக்கணக்கில் அந்த வெள்ளை மாவைக் குடித்தே வயிற்றைப் பழக்கினாள். பந்தய நாளில் பழகாத எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது அவனுடைய முதல் சட்டம். லாவண்யா அதை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பாள். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கிளம்புவதற்கு முன், வெறும் வெள்ளைச் சோறு போதும் என்றாள். "ராகி வேணாம் மாமா. நாரு ஜாஸ்தி. வயித்துக்குக் கனம்."

ராகி வேண்டாமா? என் வீட்டிலா? நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலி ராகி. உன் புருஷன் படித்த படிப்பு ராகி. உன் கழுத்தில் ஏறிய தாலி ராகி! இப்படியெல்லாம் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லதாகப் போயிருக்கும்...

ஏனென்றால் அதற்குள் நான் வேறொரு வேலை செய்துவிட்டிருந்தேன். ஒரு ஃபிளெக்ஸ் அடித்திருந்தேன். கடை அகலத்துக்குப் பெரியது. ஹெல்மெட்டோடு லாவண்யா சிரிக்கிற படம். மேலே தெலுங்கில், "கடலை வென்ற எங்கள் வீட்டுப் பெண்!" கீழே அதைவிடப் பெரிய எழுத்தில், "குடித்தது எங்கள் மால்ட்!"

சைக்கிளைப் பார்த்து வெட்கப்பட்டவன்தான். ஆனால் அவள் முடித்துவிட்டால் ஊர் கைதட்டும் அல்லவா? கைதட்டுகிற இடத்தில் நான் இல்லாமல் எப்படி?

அதில் ஒரு சிக்கல். அவள் என் மால்ட்டைத் தொடவே இல்லை. நான் வியாபாரத்தில் பொய் சொன்னவன் இல்லை. ராகியில் மைதா கலக்காதவன். அப்படிப்பட்டவன் பொய்யை அச்சடித்து மாட்டலாமா? பொய்யை நிஜமாக்க எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

எங்களிடம் குழந்தைகளுக்கென்று ஒரு சரக்கு உண்டு. ராகியை ஊறவைத்து அரைத்து, பாலை மட்டும் துணியில் வடிகட்டி, காய்ச்சிக் காயவைத்து, மறுபடி பொடித்து, பால் பவுடர் சேர்ப்போம். வெள்ளை மால்ட் என்று பேர். அவளுடைய மாவுக்கும் அதற்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு பையில் போட்டு என் வேட்டிகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனேன். திட்டம் போட்டுத்தான் போனேன் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், கடற்கரைப் பக்கம் வாடகைக்கு எடுத்த அறை. சைக்கிளைச் சோதனைக்குக் கொடுக்க மோகனும் லாவண்யாவும் போனார்கள். கால் வலிக்கிறது என்று நான் படுத்துக்கொண்டேன். கதவு சாத்தியதும் எழுந்தேன். அவள் மாவை அளந்து சின்னச் சின்னக் கவர்களில் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் பாதியைக் கொட்டினேன். பாதிக்கு என் மால்ட்டைப் போட்டேன். நிஜத்தைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது! நாளைக்கு அவள் மிதிக்கிற மிதியில் பாதி என்னுடையது என்று நினைத்தேன்.

விடியற்காலை. கடல் கறுப்பாகக் கிடந்தது. நீச்சல் உடுப்புக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு லாவண்யா மேஜை முன் நின்றாள். சைக்கிளில் மாட்டுகிற கறுப்பு பாட்டில்களில் கவர்களைக் கொட்டினாள். தண்ணீர் ஊற்றினாள். உப்புப் போட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்தாள். எலுமிச்சம்பழங்களை எடுத்தாள்.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"எலுமிச்சம்பழம் எதுக்கு பாப்பா?"

"வெறும் இனிப்பு திகட்டும் மாமா. எப்பவும் பிழிவேனே."

எப்பவுமாம்! வீட்டில் மாடி அறையில் வைத்துக் கலக்குவாள். நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

என் கடையில் பால் அண்டா இருக்கிற மேடையில் எலுமிச்சை வைத்ததற்காக ஒருவனை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன். பாலில் புளிப்பு விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதுவும் கடற்கரை வெயிலில், மூடிய பாட்டிலில்... எனக்குத் தெரியும். அவள் பிழிந்துகொண்டிருந்தாள். எனக்குத் தெரியும்!

ஒரு வார்த்தை போதும். "கொட்டிடு பாப்பா." அவ்வளவுதான். கொட்டிவிட்டு வேறு ஏதாவது கலந்திருப்பாள். இல்லையென்றால் வழியில் கொடுப்பதை வாங்கிக் குடித்திருப்பாள். ஆனால் ஏன் என்று கேட்பாளே? கவரைத் தொட்டேன் என்று சொல்ல வேண்டுமே? மகன் முன்னால், மருமகள் முன்னால், இந்த வயதில், திருடன் மாதிரி...

கொஞ்சமாகத்தானே பிழிந்தாள், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் பாட்டில்களை என்னிடம் நீட்டினாள். "மூடிய நீங்களே இறுக்கிக் குடுங்க மாமா. ராசியான கை."

வாங்கினேன். இறுக்கினேன். நன்றாக இறுக்கினேன்.

இப்போது சொல்லுங்கள். மாவைக் கலந்தது குற்றமா, மூடியை இறுக்கியது குற்றமா? முதலாவது கர்வம். கர்வத்தை நான் ஒத்துக்கொள்வேன், அது இல்லாமல் இத்தனை கட்டியிருக்க முடியாது. ஆனால் இரண்டாவதுக்கு எனக்குப் பேர் தெரியவில்லை.

கடலிலிருந்து அவள் ஏறி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவளுக்குப் பின்னால் எத்தனையோ ஆண்பிள்ளைகள் வந்தார்கள்! கிணற்றில் பழகிய பெண்! தலைமுடியில் தண்ணீர் சொட்ட, ஓடிப் போய் சைக்கிளை எடுத்தாள்.

சைக்கிள் பாதை ஒரே சாலையில் போய்ப் போய்த் திரும்புகிற மாதிரி. தடுப்புக் கம்பி ஓரத்தில் நானும் மோகனும் நின்றோம். முதல் சுற்றில் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். வெயில் ஏறியது. அடுத்த சுற்றில் தலை குனிந்திருந்தது. பாட்டிலை வாயில் வைத்துப் பிதுக்கிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். மறுபடியும் குடித்தாள். அளவு தப்பக் கூடாது என்று சொல்லியிருந்தானே அந்தப் பையன். சொன்ன சொல் தப்பாத பெண்!

அதற்கடுத்த சுற்றில் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி சைக்கிளை நிறுத்தினாள். குனிந்தாள்.

தார்ச்சாலையில் வெள்ளையாக... திரித்திரியாக. எனக்குத் தெரியாததா அது? பாலைப் பார்த்தே பிழைத்தவன்!

மோகன் கம்பியைத் தாண்டப் போனான். ஆள் தொட்டால் பந்தயத்திலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பக்கத்தில் நின்றவர்கள் இழுத்துப் பிடித்தார்கள். அவளாகவே ஏறினாள். அப்புறம் எதுவும் வயிற்றில் தங்கவில்லை. தண்ணீரும் திரும்பி வந்தது. அப்படியும் சைக்கிளை முடித்தாள். அப்படியும் ஓட ஆரம்பித்தாள்! சவுக்குத் தோப்புப் பக்கம் கால் பின்னி உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள். தூக்கிக்கொண்டு வந்து கூடாரத்தில் படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அங்கிருந்த டாக்டரம்மா கேட்டாள்: "வழக்கமா குடிக்கிறதத் தவிர புதுசா ஏதாவது குடிச்சாங்களா?"

"இல்லீங்க," என்றான் மோகன். டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். நான் கூடாரத்தின் கயிற்றைப் பார்த்தேன்.

லாவண்யா கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. "மோர் மாதிரி இருந்துச்சு மாமா... பாக்கெட்டு கெட்டுப் போச்சோ இன்னாவோ."

"இருக்கும் பாப்பா," என்றேன்.

சைக்கிளிலிருந்து பாட்டில்களைக் கழற்றி எடுத்துப் போனேன். குழாயடியில் உட்கார்ந்து கழுவினேன். மூடி இறுகிப் போயிருந்தது, பல்லால் கடித்துத் திறந்தேன். உள்ளே ஒட்டியிருந்த திரியை விரலை விட்டுச் சுரண்டி எடுத்தேன். ஒரு பொட்டு இல்லாமல் கழுவினேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் புருஷனிடம் சொன்னது காதில் விழுந்தது. "பாருங்க, மருமக பாட்டில மாமனார் கழுவுறாரு. எவ்ளோ பெரிய மனசு!"

திரும்பி வருகிற வழியில் காரிலிருந்தே மோகன் அந்தப் பயிற்சிக்காரப் பையனுக்குப் போன் போட்டுத் திட்டினான். கெட்டுப்போன சரக்கைக் கொடுத்து உயிரோடு விளையாடுகிறாயா என்றான். "லேது அன்னா, கொத்த பாக்கெட்டே அன்னா," என்று அந்தப் பையன் கெஞ்சியது எனக்குக் கேட்டது. புது பாக்கெட்தான். எனக்குத் தெரியாதா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்றைக்கும் அவன் எங்கள் கடைப் பக்கம் வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறிப் போகிறான்.

வீடு வந்த மறுநாளே லாவண்யா சைக்கிளை மில்லுக்குக் கொண்டுவந்தாள். ராகி மூட்டைகளுக்கு மேலே கொக்கியில் மாட்டச் சொன்னாள்.

"இன்னொரு தடவ போலாம்ல?" என்றான் மோகன், என்னைப் பார்த்துக்கொண்டே.

"சொன்னா சொன்னதுதான். இல்ல மாமா?"

அந்த இடத்திலாவது நான் பேசியிருக்கலாம். உண்மையைச் சொல்லக்கூட வேண்டாம். "போடி, அதெல்லாம் ஒரு பேச்சா, மறுபடி போ" என்று சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை? பேச்சு மாறாதவன் என்ற பேருக்காகவா? மறுபடி போனால், இந்த முறை ஏன் மோர் மாதிரி ஆகவில்லை என்று யோசிப்பாள் என்ற பயமா? இல்லை... அவள் கல்லாவில் வந்து உட்கார வேண்டும் என்று முதலிலிருந்தே எனக்குள் ஒருவன் காத்துக்கொண்டிருந்தானா? அவன்தான் மூடியை இறுக்கினானா? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

"ஆமா பாப்பா," என்றேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த மழைக்காலத்தில் ராகி காயவைக்கத் தார்ப்பாய் பற்றவில்லை. காரின் பின்சீட்டுக்கு அடியில் நான் சுருட்டிப் போட்டிருந்ததை லாவண்யா இழுத்து வந்து மில் தரையில் விரித்தாள். அந்த ஃபிளெக்ஸ்! நான் மறந்தே போயிருந்தேன். அவள் முகம் அவளைப் பார்த்தே சிரித்தது.

அவள் தெலுங்கு எழுத்தை மெதுவாக வாசித்தாள். கீழே இருந்ததையும் வாசித்தாள்.

"நான் நம்ம மால்ட்ட குடிக்கவே இல்லியே மாமா?"

"வெளம்பரம்தான பாப்பா..."

"பந்தயத்துக்கு முன்னாடியே அடிச்சிட்டீங்களா?"

"ஆமா."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த ஒரு நொடியில், பிடித்துவிடட்டும் என்றும் நினைத்தேன்! ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"எம் மேல இவ்ளோ நம்பிக்க வெச்சிருந்தீங்களா மாமா? நான்தான்... காப்பாத்தல. மன்னிச்சிருங்க."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ராகியை அள்ளி அதன்மேல் பரப்பினாள். முதலில் எழுத்து மறைந்தது. பிறகு ஹெல்மெட். பிறகு சிரிப்பு.

என்னிடம் மன்னிப்புக் கேட்ட அந்தப் பெண்தான் பேருந்து நிலையக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் போனால் பார்க்கலாம். சில்லறையைச் சரியாகக் கொடுப்பாள். சிரிப்பாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போடுவதில்லை. உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அவளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காட்டாதீர்கள் என்று கெஞ்சவும் வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கெஞ்சலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உரிமையாகவே கேட்கிறேன். கடை வாசலில் என் படம் இருக்கிறது. மில் கேட்டில் என் பேர் இருக்கிறது. நான் செய்தது எதையும் இன்னொருவன் பேருக்கு எழுத விட்டதில்லை. கடலில் நீந்தியது அவள். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் சைக்கிளை முடித்தது அவள். அது முழுசும் அவளுடையது. ஆனால் "லாவண்யாவால முடியல" என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதே, அதை ஏன் அவள் பேரில் போட்டு வைத்திருக்கிறீர்கள்? அது என் சரக்கு. நான் அரைத்தது, நான் கலந்தது, நான் இறுக்கியது!

என் பேரைப் போடுங்கள்.